சிக்னல் கல்

நீல மட்டைப் பதிவேட்டில் நூற்றுப் பதினேழு பெயர்.
மார்ச் நடுப்பகுதி வரை
எல்லாத் தேதியும் பேனாவில்.
பிறகு மிஸ்ஸி சொன்னார்:
"பென்சிலால எழுதுங்க தயாளினி,
அழிக்க லேசு."

சத்திரசிகிச்சை வார்ட்டின் கட்டில்களை
மறுநாளே தள்ளிக்கொண்டு போனார்கள்.
மயக்க மருந்து மெஷினும் போனது,
மூச்சு முட்டுகிறவர்களுக்கு மூச்சாக.
யாரும் அதைத் தவறென்று சொல்லவில்லை.
நானும்தான்.
தியேட்டர் வாசலில் கிடந்த
வெள்ளைச் செருப்பொன்றுக்குள்
பல்லி முட்டையிட்டிருந்தது.

என் வேலை தொலைபேசி.
"ஆஸ்பத்திரியிலிருந்து பேசுறேன்.
உங்கட ஒப்பரேஷன் பிற்போடப்பட்டிருக்கு."
நாளைக்கு முப்பது தடவை சொன்னால்
அந்தச் சொல் பசைபோல அண்ணத்தில் ஒட்டும்.
சிங்களத்தில் அது சின்னது: கல் தாலா.
அங்கே கல் என்றால் காலம்.
எனக்கென்னவோ
ஒவ்வொரு தடவையும் கல்லாகவே கேட்டது.
பித்தப்பையில் கல்லிருக்கும் சோமாவதி
"கமக் நே துவே" என்பார்,
பரவாயில்லையாம்.

வடமலை. ஐம்பத்து நான்கு.
லோன்மோர் தோட்டம், கீழ்ப்பிரிவு.
வலப்பக்கக் குடலிறக்கம்.
புதன் மூன்று மணிக்கு எடுப்பேன் என்று
நான்தான் சொல்லிவைத்திருந்தேன்.
எடுத்ததும் முதலில் மூச்சு, இரைக்க இரைக்க.
பின்னால் காற்று.
பயந்துபோய்க் கேட்டேன்:
காய்ச்சல் இருக்கா? இருமல்?

"அதெல்லாம் இல்ல புள்ள.
லயத்துல சிக்னல் இல்ல.
தண்ணி டேங்கிக்கு மேல ஒரு கல்லு,
அதுல ஏறி நின்னாத்தான் லைன் வரும்.
ஏறுறப்ப எறங்கிருச்சு.
கையால அமுக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்.
நீங்க சொல்லுங்க."

சொன்னேன்.

வேறு யாரையாவது ஏறச் சொல்லலாமே என்றேன்.
மகன் கொழும்பில் கடையோடு அடைபட்டிருந்தான்.
மற்றவர்கள் ஏறினால் அவர்களுக்கு அரைப்பேர்.
"பரவால்ல, நானே வர்றேன்" என்றார்,
ஏதோ ஆஸ்பத்திரிக்கே வருவதுபோல.

ஏப்ரலில் ஏறினார். ஜூனில் ஏறினார்.
இடையில் ஒரு மாதம் திறந்தோம்,
பட்டியலில் அவர் பெயர் வருவதற்குள்
வார்ட்டில் இரண்டு தாதியருக்குத் தொற்று.
நவம்பரிலும் ஏறினார்.
ஒவ்வொரு தடவையும்
ஏற வேண்டாம் என்று சொல்லத்தான் நினைப்பேன்.
அதைச் சொல்லவும் அவர் ஏறியிருக்க வேண்டும்.

டிசம்பரில் ஓர் இரவு
கொழுந்து லொறியில் கொண்டுவந்தார்கள்.
இறங்கிய குடல் திரும்பவில்லை,
கறுக்கத் தொடங்கியிருந்தது.
பிசிஆர் முடிவுக்குக் காத்திருக்க நேரமில்லை.
இருக்கிறதென்றே எண்ணி
எல்லாரும் உடுத்திக்கொண்டார்கள்.
டொக்டர் விஜேகோனின் முகக்கவசம் முழுக்கப் பனி,
வெளியே ஊர்ப் பனி போக
அவரே மூச்சுவிட்ட பனி.
ஒன்றரை அடி போயிற்று.
ஆள் தப்பினார்.

அவசரப் புத்தகத்தில்
அவர் பெயர் பேனாவில் இருந்தது.
நாற்பது நிமிட வேலை,
மார்ச்சில் செய்திருந்தால்.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை,
எல்லாருக்கும் தெரியும்.

ஆறாம் கட்டிலிலிருந்து கேட்டார்:
"இனிப் புதன்கிழமை ஏறத் தேவையில்லதானே?"
இல்லை என்றேன்.
"பாவம், ஒங்களுக்கும் ஒரு கோல் மிச்சம்."

மேசைக்கு வந்து
அவர் பெயருக்கு நேரேயிருந்த
பென்சில் தேதிகளை அழித்தேன்.
மூன்று தடவை அழித்தெழுதிய இடம்,
தாள் கிழிந்துவிட்டது.
பின்பக்கத்தில் அன்னபாக்கியம்,
இடது மார்பில் கட்டி,
தேசிக்காய் அளவு, மே இருபது.
பெயரில் பாதி போயிற்று.

செலோடேப் ஒட்டினேன்.
இலக்கம் தப்பியிருந்தது.
அழுத்தினேன்.
நெடுநேரம் மணி போனது.